தேயுமா, அரிக்குமா, கரையுமா? சரியான வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோவதைச் சொல்லத் தமிழில் ஏராளமான வினைச்சொற்கள் இருக்கின்றன. தேய், அரி, கரை, மழுங்கு, நை, இற்றுப்போ, உளுத்துப்போ, உதிர், மங்கு, அருகு என்று அது நீளும். ஆனால் இங்கே சிங்கப்பூரில் நான் திருத்தும் மாணவர் கட்டுரைகளிலும், புதிதாக மொழிபெயர்ப்பில் இறங்குபவர்களின் வரைவுகளிலும் ‘தேய்ந்தது’ ஒன்றே எல்லா வேலையையும் செய்கிறது. கத்தியும் தேய்கிறது, சட்டையும் தேய்கிறது, கடற்கரையும் தேய்கிறது.

இதைச் சரிசெய்ய ‘ஒத்த சொற்கள்’ பட்டியலை மனப்பாடம் செய்பவர்களும் உண்டு. அவர்கள் எழுதுவது இன்னும் மோசமாகிவிடுகிறது. ‘கத்தி கரைந்தது’, ‘பாறை நைந்தது’ என்று வரும். பட்டியலில் எல்லாச் சொல்லும் ஒரே வரிசையில் நிற்பதால், எதை எங்கே போடுவது என்பது அதில் தெரிவதில்லை.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். சொல்லைத் தேடுவது இதில் முதல் வேலை இல்லை, நடுவில்தான் வருகிறது.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஒரு தாளில் மூன்று விடைகளை எழுதிக்கொள்ளுங்கள். எது குறைகிறது? எது அதைக் குறைக்கிறது? குறைந்த பிறகு மிச்சம் எப்படி இருக்கிறது?

மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வாசகரின் கண்ணுக்குத் தெரியப்போவது அந்த மிச்சம்தான். வழவழப்பாகிவிட்டதா, பொடியாகிவிட்டதா, நூல் நூலாகப் பிரிந்து நிற்கிறதா, ஓட்டை விழுந்துவிட்டதா? இதற்கு விடை கிடைத்துவிட்டால் வினைச்சொல் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும்.

கூடவே ஓர் அகராதி வேண்டும். பொருளை மட்டும் தரும் அகராதி போதாது. எடுத்துக்காட்டு வாக்கியமும், இறந்தகால வடிவமும் தருவதாக இருக்கட்டும். ஏன் இறந்தகாலம் என்பது நான்காம் படியில் புரியும். வீட்டில் நன்றாகத் தமிழ் பேசும் பெரியவர் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. “பாட்டி, இதை எப்படிச் சொல்வீர்கள்?” என்று பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். ஆங்கிலச் சொல்லைச் சொல்லி அதற்குத் தமிழ் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அவரும் மொழிபெயர்க்கத் தொடங்கிவிடுவார். இயல்பாக வாயில் வரும் சொல் வராது.

2. முதலில் பொருளைப் பாருங்கள்

தமிழில் இந்த வினைகள் பெரும்பாலும் பொருளைப் பொறுத்தே பிரிகின்றன. அதனால்தான் பொருளை முதலில் பார்க்கிறோம்.

*கெட்டியான பொருள், உரசி உரசிக் குறைவது: தேய்.* வாசற்படி, செருப்பின் அடி, டயர், சாவியின் பல், நாணயம், பிரேக் கட்டை எல்லாம் தேயும். பொருள் அப்படியே இருக்கிறது, மேற்பரப்பு மட்டும் போய்விட்டது என்றால் இதுதான் சொல். திருகாணி பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ‘மரை தேய்ந்துவிட்டது’ என்பார்கள். துப்புரவு வேலை செய்து பல ஆண்டு கழித்தவர்களின் விரல்களில் ரேகை தேய்ந்து, கைரேகைக் கருவி அடையாளம் காணாமல் போவதும் உண்டு. அங்கேயும் தேய்வுதான்.

*கூர்மை போனது: மழுங்கு.* கத்தியின் விளிம்பும் உரசித்தான் குறைகிறது. இருந்தாலும் கத்தியைப் பொறுத்தவரை போனது கூர்மை, அதைத்தான் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். ஈரச்சந்தையில் மீன் வெட்டுபவர் “கத்தி மழுங்கிப்போச்சு, சாணை பிடிக்கணும்” என்றுதான் சொல்வார். ‘கத்தி தேய்ந்துவிட்டது’ என்றால் பலமுறை சாணை பிடித்து, கத்தியே ஒடுங்கிப்போன நிலை. இரண்டும் வேறு வேறு செய்தி.

*துணி: நை. கயிறு, நூல்: இற்றுப்போ.* துவைத்துத் துவைத்து மெலிந்து, இழை தெரிகிற சட்டைக் கழுத்து நைந்திருக்கிறது. வெயிலிலும் மழையிலும் கிடந்த கொடிக்கயிறு இற்றுப்போகிறது. ஒரு நாள் இழுத்ததும் அறுகிறது. சாயம் போவது வேறு விஷயம், அதற்கு ‘வெளுத்தது’ போதும். வெளுத்த சட்டை நையாமல் இருக்கலாம், நைந்த சட்டை வெளுக்காமலும் இருக்கலாம். மாணவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள்.

*மரம்: உளுத்துப்போ, மட்கு, அரி.* வண்டு துளைத்து உள்ளே மாவாகிப்போன மரம் உளுத்தது. ஈரத்தில் கிடந்து மண்ணோடு மண்ணாகிறது என்றால் மட்குகிறது. கறையான் தின்றால் ‘கறையான் அரித்தது’. உளுத்த மரம் வெளியே நன்றாகத் தெரியும், தட்டினால் பொக்கென்று ஒலிக்கும். கதையில் கதவை உடைக்கப் போகிறீர்கள் என்றால் இந்த வேறுபாடு உங்களுக்கு நிச்சயம் தேவைப்படும்.

*உலோகம்: துருப்பிடி, களிம்பேறு.* இரும்பு துருப்பிடிக்கும். பித்தளையிலும் செம்பிலும் களிம்பு ஏறும். கடற்காற்றில் உப்பு இருப்பதால் மரின் பரேட் போன்ற கடலோர வட்டாரங்களில் சன்னல் கம்பிகள் விரைவில் துருவேறும். துரு முற்றி இரும்பு பொடிந்து விழுகிற கட்டத்தில் ‘துருப்பிடித்து இற்றுப்போனது’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம். ‘இரும்பை துரு தின்றுவிட்டது’ என்ற பேச்சு வழக்கும் எழுத்தில் நன்றாகவே ஒலிக்கிறது.

*சுவர், கூரைப் பூச்சு: உதிர், பெயர்.* பழைய அடுக்குமாடி வீடுகளில் கூரையின் உட்பக்கக் காரை பெயர்ந்து விழுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருவேறும்போது உப்புகிறது, அந்த அழுத்தத்தில் காரை வெடிக்கிறது, அப்புறம் பெயர்ந்து விழுகிறது. இதை ‘கூரை தேய்ந்துவிட்டது’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றுமே புரியாது. சுண்ணாம்பும் பெயின்டும் என்றால் பொருக்குப் பொருக்காக உதிரும்.

*எழுத்து, படம்: மங்கு, அழி.* மை வெளுத்தால் மங்கும், முழுதாகப் போய்விட்டால் அழியும். கல்லில் வெட்டிய எழுத்து என்றால் தேயும் அல்லது சிதையும்.

*நீர்: வற்று, சுண்டு.* நீர்மம் தேய்வதில்லை. குளம் வற்றும், அடுப்பில் கொதிக்கும் குழம்பு சுண்டும்.

3. அடுத்து, குறைப்பது யார் அல்லது எது என்று பாருங்கள்

பொருளை மட்டும் பார்த்தால் சில இடங்களில் இரண்டு சொற்கள் பொருந்தி நிற்கும். அப்போது செய்பவரைப் பாருங்கள்.

சவர்க்காரத்தை எடுத்துக்கொள்வோம். ஈரத்தில் விட்டு அது குறைந்தால் கரைந்தது. துணியில் போட்டுப் போட்டுச் சில்லாகிவிட்டால் தேய்ந்தது. பொருள் ஒன்றுதான், ஒன்றில் தண்ணீரும் மற்றதில் உரசலும் வேலை செய்கின்றன.

இங்கே அதிகம் தடுமாறுவது தேய், அரி இரண்டுக்கும் இடையில். தேய்வதற்கு உரசல் வேண்டும். அரிப்பதற்கு, சிறிது சிறிதாகப் பிய்த்தோ தின்றோ கொண்டுபோகும் ஒன்று வேண்டும்: நீர், அலை, கறையான், அமிலம். தேய்ந்த இடம் வழவழப்பாக இருக்கும். அரித்த இடம் குழியும் பள்ளமுமாக இருக்கும். முதல் படியில் மிச்சத்தை எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல்லாண்டுகளாக மக்கள் ஏறி இறங்கியதில் அதன் பாதைகள் சேதமடைந்தன. பாதைகளையும் சரிவுகளையும் சீரமைக்க 2014 செப்டம்பரில் மூடி, 2016 அக்டோபரில் முழுமையாகத் திறந்தார்கள். அங்கே நடந்ததை எழுதப் பல வினைகள் வேண்டும். கால்கள் மிதித்து மிதித்து மண் இறுகியது. இறுகிய மண் நீரை உறிஞ்சாததால் மழைநீர் மேலே ஓடி மண்ணை அரித்தது. மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன. படிகள் தேய்ந்தன. ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் மண்ணுக்கு ‘அரி’ என்ற சொல் அடிக்கடி தேவைப்படும். ஆகவே படி தேயும், மண் அரிபடும். இந்த இரண்டையும் மாற்றிப் போடாமல் இருந்தாலே பாதிப் பிழைகள் குறைந்துவிடும்.

கடற்கரைக்கும் இதே முறைதான். கிழக்குக் கடற்கரைப் பூங்கா, 1966-ல் தொடங்கிய நிலமீட்புத் திட்டத்தில் கடலைத் தூர்த்து உருவான நிலத்தில் இருக்கிறது. அலை மணலைக் கொண்டுபோகாமல் இருக்கக் கரையோரமாகக் கல் முனைகளைக் கட்டினார்கள். இதை எழுதும்போது ‘கடல் கரையை அரிக்கிறது’ என்றோ, ‘கடலரிப்பு’ என்றோ எழுதுங்கள். ‘கடல் உள்வாங்குகிறது’ என்று எழுதிவிடாதீர்கள். கடல் உள்வாங்கினால் தண்ணீர் பின்னே போகிறது என்று பொருள். நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். உபின் தீவின் வடகரை பற்றிய ஒரு கட்டுரையில் இந்தப் பிழை இருந்ததால், தீவு வளர்கிறது என்றே வாசகர் நினைக்கும்படி ஆகிவிட்டது.

செய்பவர் மனிதராக இருந்து, வேண்டுமென்றே குறைத்தால் தொழிற்சொற்கள் வரும். அரத்தால் இரும்பை ராவுவார்கள். இழைப்புளியால் மரத்தை இழைப்பார்கள். கத்தியைச் சாணை பிடிப்பார்கள். இங்கே ‘தேய்த்தார்கள்’ என்றால் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தொழிலைத் தெரிந்தவர் எழுதியது போல இருக்காது.

4. வினையின் வடிவத்தைச் சரிபாருங்கள்

சொல் சரி, வடிவம் தவறு என்பதுதான் நான் மிக அதிகமாகச் சிவப்பு மை போடும் இடம். மெதுவாகப் படியுங்கள்.

‘தேய்’ என்பதற்கு இரண்டு வடிவங்கள். தானே குறைந்தால்: தேய்கிறது, தேய்ந்தது, தேயும். இன்னொன்றைக் குறைத்தால்: தேய்க்கிறது, தேய்த்தது, தேய்க்கும். இலக்கணத்தில் முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ‘சேர்ந்தது, சேர்த்தது’ எப்படியோ அப்படியே இதுவும்.

‘செருப்பு தேய்த்தது’ என்று எழுதினால் செருப்பு வேறெதையோ தேய்த்தது என்றாகிவிடும். ‘அம்மா பாத்திரம் தேய்ந்தார்’ என்றால் பாவம், அம்மா குறைந்துபோகிறார். ஓர் எளிய சோதனை: வாக்கியத்தில் ‘-ஐ’ உருபு ஏற்கிற சொல் ஒன்று இருந்தால் ‘த்த’ வரும், இல்லாவிட்டால் ‘ந்த’ வரும். பாத்திரத்தைத் தேய்த்தார், பாத்திரம் தேய்ந்தது. ‘கரை’யும் இதே போலத்தான்: உப்பு கரைந்தது, உப்பைக் கரைத்தாள்.

‘அரி’ இப்படி இல்லை, இங்கேதான் பொறி இருக்கிறது. ‘அரித்தது’ என்பது கறையானும் நீரும் செய்வது. ‘அரிந்தாள்’ என்பது வெங்காயம் நறுக்குவது. ‘கரை அரிந்தது’ என்று எழுதும் மாணவர், ‘தேய்ந்தது’ போலவே இதுவும் இருக்கும் என்று எண்ணிவிடுகிறார். அது நியாயமான ஊகம், ஆனால் தமிழ் அப்படிப் போகவில்லை. கரை தானாகக் குறைந்ததாகச் சொல்ல ‘கரை அரிபட்டது’ அல்லது ‘கரை அரித்துப்போனது’ என்று எழுதவேண்டும். ‘போ’ சேர்ந்ததும் அரி தன்வினை போல நடந்துகொள்கிறது.

‘அரி’க்கு இன்னும் வேலைகள் உண்டு. உடம்பு அரிக்கிறது என்றால் சொறியத் தோன்றுகிறது. அரிசியை அரிப்பது என்றால் நீரில் அலசிக் கல்லைப் பிரிப்பது. இவை சூழலில் தெளிவாகிவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் ‘கை அரித்தது’ என்று மட்டும் எழுதிவிட்டு அமிலம் பட்டதைச் சொல்ல முயலாதீர்கள்; வாசகர் கொசுக்கடி என்று நினைப்பார். ‘அமிலம் பட்டுக் கைத்தோல் வெந்துவிட்டது’ என்று எழுதுங்கள்.

எழுத்துப்பிழையும் இங்கேதான் நுழையும். கரைந்தது, கறை படிந்தது, கரையோரம் ஆகிய மூன்றையும் ஒரே பத்தியில் எழுத நேர்ந்தால் ர, ற இரண்டையும் தனியாக ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கடைசியாக, ‘தேய்க்கப்பட்டது’. மொழிபெயர்ப்பாளர்கள் மிகவும் விரும்பும் வடிவம் இது. ‘படிகள் காலடிகளால் தேய்க்கப்பட்டன’ என்றால் யாரோ பிரஷ்ஷை வைத்துத் துலக்கியது போல ஒலிக்கிறது. ‘காலடி பட்டுப் பட்டுப் படிகள் தேய்ந்தன’ என்று எழுதுங்கள். ‘பட்டு’ என்ற வினையெச்சம் செய்பவரைச் சொல்லிவிடுகிறது, செயப்பாட்டு வினையே தேவையில்லை.

5. வேகத்தைச் சேருங்கள்

இந்த வினைகள் எல்லாமே மெதுவாக நடப்பவை. அந்த மெதுவை வாக்கியத்தில் காட்டாவிட்டால் ‘படி தேய்ந்தது’ என்பது நேற்று மாலை நடந்த நிகழ்ச்சி போல ஆகிவிடும்.

தமிழில் இதற்கு மிக நல்ல கருவி அடுக்குச்சொல். நடந்து நடந்து, தேயத் தேய, துவைத்துத் துவைத்து, போகப்போக. ‘நீண்ட காலப்போக்கில் படிப்படியாக’ என்று மூன்று சொல் போடுவதைவிட ‘நடந்து நடந்து தேய்ந்த படி’ வலுவாக இருக்கிறது.

அடுத்தது துணைவினை. இன்னும் நடந்துகொண்டிருந்தால் ‘தேய்ந்துகொண்டே வருகிறது’. முடிந்து நிலை மட்டும் தெரிந்தால் ‘தேய்ந்திருக்கிறது’. முடிந்துவிட்டதே என்ற வருத்தமும் சேரவேண்டுமானால் ‘தேய்ந்துபோய்விட்டது’. வருணனையில் பெரும்பாலும் ‘தேய்ந்திருந்தது’தான் வேண்டும்; மாணவர்கள் ‘தேய்ந்தது’ என்று நிறுத்திவிடுகிறார்கள்.

திடீரென நடந்ததற்கு இந்தக் குடும்பத்துச் சொல் எதுவும் ஆகாது. வெள்ளம் மண்ணை ஒரே இரவில் கொண்டுபோனால் ‘அடித்துச் சென்றது’. சட்டை ஆணியில் மாட்டினால் ‘கிழிந்தது’.

சிங்கப்பூர்க் கல்லைப் பற்றி எழுதச் சொன்னால் இந்த வேறுபாடு உடனே தெரிந்துவிடும். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற பெரிய மணற்பாறை அது. சுமார் 50 வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. 1819-ல் அதைக் கண்டெடுத்தபோதே மழையிலும் காற்றிலும் எழுத்துகள் தேய்ந்து சிதைந்திருந்தன. 1843-ல் ஆற்றின் வாயை அகலப்படுத்துவதற்காக அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. எழுத்துக்குத் தேய்வு, கல்லுக்குத் தகர்ப்பு. ‘கல் சிதைந்தது’ என்று ஒரே சொல்லில் முடித்த வரைவுகளில், மழை செய்தது எது, மனிதர் செய்தது எது என்பதே தெரியாமல் போகிறது.

6. பேச்சிலிருந்து எழுத்துக்குக் கொண்டுவருதல்

வீட்டில் கேட்ட சொல்லை எழுத்தாக்கும்போது வடிவம் மாறும். தேஞ்சுபோச்சு என்பது தேய்ந்துபோயிற்று அல்லது தேய்ந்துபோனது. தேச்சு என்பது தேய்த்து. அரிச்சு என்பது அரித்து. கரைஞ்சு என்பது கரைந்து. நஞ்சுபோன துணி என்று சிலர் சொல்வார்கள். எழுத்தில் அது நைந்துபோன துணி.

உரையாடலில் பேச்சு வடிவத்தை அப்படியே விட்டுவிடலாம், விடுவதே நல்லது. விவரிப்பில் வேண்டாம். ஒரே பத்தியில் இரண்டும் கலந்தால்தான் பிரச்சினை.

7. உருவகத்துக்குப் போகும் முன் நிறுத்தி யோசியுங்கள்

பொருள் அல்லாதவையும் குறையும். இங்கேதான் மொழிபெயர்ப்பு வாடை அதிகம் வீசும். ஆங்கிலத்தில் ஒரே வினை மண்ணுக்கும் நம்பிக்கைக்கும் சம்பளத்துக்கும் வருகிறது. தமிழில் ஒவ்வொன்றும் தனித்தனி வீட்டில் குடியிருக்கிறது.

கவலையும் குற்றவுணர்வும் மனத்தை அரிக்கும். சேமிப்பு கரையும். விலைவாசி உயர்வு சம்பளத்தைத் தின்னும். ஆர்வம் குன்றும். நம்பிக்கை தளரும், குறையும். செல்வாக்கு சரியும், தேயும். நட்பு தேயும். குரல் தூரத்தில் தேய்ந்து மறையும். நிலவு தேயும், அதனால்தான் தேய்பிறை என்கிறோம்.

‘மக்களின் நம்பிக்கையை அரித்துவிட்டது’ என்று எழுதத் தோன்றினால், ‘மக்களுக்கு இருந்த நம்பிக்கை போகப்போகக் குறைந்துவிட்டது’ என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். எது வாயில் தடையில்லாமல் வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் முன்னது வருகிறதே என்று கேட்பார்கள். வருகிறது. அதனாலேயே அது நல்ல தமிழாகிவிடாது.

நம் மொழியைப் பற்றி எழுதும்போது இதில் கூடுதல் கவனம் தேவை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் ஆக அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. இந்த விவரத்தை வைத்து ‘தமிழ் தேய்கிறது’ என்று தலைப்பிடுவது எளிது. ஆனால் எண்ணிக்கை குறையும், வழக்கு அருகும், மொழி தேயாது. ‘வீட்டில் தமிழ் பேசும் வழக்கம் அருகிவருகிறது’ என்று எழுதினால் எது அரிதாகிறது என்பது துல்லியமாகிறது. அதற்கு என்ன செய்யலாம் என்றும் அந்த வாக்கியத்திலிருந்து யோசிக்க முடிகிறது.

8. பழமொழியும் மரபுத்தொடரும்

‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ விடாமுயற்சிக்கு. ‘கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை’ ஒரு செயல் வரவரச் சிறுத்துப்போவதற்கு. முன்னதைச் சேதத்தைச் சொல்லப் பயன்படுத்துவது பொதுவான தவறு. சுவர் பாழானதைச் சொல்லிவிட்டு ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும் அல்லவா’ என்று முடித்தால், சுவரைப் பாழாக்கியதற்குப் பாராட்டு போல ஆகிவிடுகிறது.

‘உழைத்து ஓடாய்த் தேய்ந்தவர்’ என்பது குடும்பத்துக்காகத் தன்னையே கொடுத்தவருக்கு. ஓடு என்பது உடைந்த மண்பாண்டத் துண்டு. ‘அவர் ஓடித் தேய்ந்தார்’ என்று எழுதுபவர்கள் இதை ஓட்டம் என்று எண்ணிவிடுகிறார்கள். வெறுமனே உடம்பு மெலிந்தவருக்கு இந்தத் தொடர் வேண்டாம். இளைத்தார், மெலிந்தார் போதும்.

9. பெயர்ச்சொல்லாக்கும்போது

வினை சரியாகிவிட்ட பிறகுதான் பெயர்ச்சொல்லுக்கு வாருங்கள். தேய்வு, தேய்மானம், அரிப்பு, கரைவு என்று எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் உண்டு, ஆனால் எல்லாம் ஒரே இடத்துக்குப் பொருந்தாது.

‘மூட்டுத் தேய்மானம்’ என்பார்கள். மூட்டில் இருக்கும் குருத்தெலும்பு குறைவதை அது குறிக்கிறது. கணக்கு எழுதுபவர்களும், வாங்கிய இயந்திரத்தின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைவதைத் தேய்மானம் என்றே சொல்வார்கள். மண்ணரிப்பு, கடலரிப்பு ஆகியவற்றில் அரிப்பு தெளிவு. தனியே ‘அரிப்பு’ என்று தலைப்பில் போட்டால் தோல் நோய் என்று நினைக்கும் வாய்ப்பு உண்டு. முன்னால் ‘மண்’ணோ ‘கடல்’லோ சேருங்கள்.

சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் ‘செய்கூலி, சேதாரம்’ என்று கேட்டிருப்பீர்கள். சேதாரம் என்பது நகை செய்யும்போது போகும் பொன்னுக்கான கணக்கு. அணிந்து அணிந்து எடை குறைவது சேதாரம் இல்லை, அது தேய்மானம். பழைய நகையை மாற்றும் காட்சியை எழுதினால் இந்த இரண்டும் இடம் மாறிவிடக்கூடாது.

10. ஒரு பத்தியை எடுத்துத் திருத்திப் பாருங்கள்

படிகளைப் படித்து முடித்ததும் ஒரு முழுப் பத்தியில் செய்து பார்த்தால்தான் கை பழகும். லிட்டில் இந்தியாவின் கடைவீடு ஒன்றை வருணிக்கும் கட்டுரைகளில் வழக்கமாக இப்படி வரும்:

“தாத்தாவின் மளிகைக்கடை மிகவும் பழையது. வாசற்படி தேய்ந்தது. மரக்கதவு தேய்ந்தது. பெயர்ப்பலகையில் எழுத்துகள் தேய்ந்தன. சுவர் தேய்ந்தது. தாத்தாவின் சட்டையும் கத்தியும் தேய்ந்தன. அவருடைய சேமிப்பும் தேய்ந்தது.”

ஒவ்வொன்றுக்கும் முதல் படியின் மூன்று கேள்விகள். வாசற்படி: கால்கள் உரசின, நடுவில் குழிந்து வழவழப்பாகிவிட்டது. தேய்வு சரி. மரக்கதவு: அடிப்பகுதியைக் கறையான் தின்றிருக்கிறது, ஓட்டை தெரிகிறது. பலகை: வெயிலில் மை வெளுத்தது. சுவர்: காரை துண்டு துண்டாக விழுகிறது. சட்டை: கழுத்தில் இழை தெரிகிறது. கத்தி: வெட்டவில்லை. சேமிப்பு: வாடகைக்குப் போகிறது. அப்புறம் எல்லா வினைகளையும் நிலை காட்டும் வடிவத்துக்கு மாற்றவேண்டும், ஏனென்றால் பேரன் கடைக்குள் நுழையும்போது இவை ஏற்கெனவே நடந்துவிட்டன. சேமிப்பு மட்டும் இன்னும் குறைந்துகொண்டிருக்கிறது.

“ஆட்கள் ஏறி ஏறித் தாத்தாவின் மளிகைக்கடை வாசற்படி நடுவில் தேய்ந்திருந்தது. கதவின் அடிப்பகுதியைக் கறையான் அரித்திருந்தது. பெயர்ப்பலகையில் எழுத்துகள் மங்கியிருந்தன. சுவரில் அங்கங்கே காரை பெயர்ந்திருந்தது. கழுத்து நைந்த சட்டையுடன் தாத்தா, மழுங்கிய கத்தியால் சாக்குக்கட்டை அறுக்கப் போராடிக்கொண்டிருந்தார். மாதாமாதம் வாடகை கொடுத்துக் கொடுத்து அவருடைய சேமிப்பு கரைந்துகொண்டே வந்தது.”

இதில் சட்டையையும் கத்தியையும் தனி வாக்கியமாக்காமல் தாத்தாவின் செயலுக்குள் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். ‘நைந்த’, ‘மழுங்கிய’ என்று பெயரெச்சமாக்கினால் வாக்கியம் குறைகிறது, ஆளும் அசைகிறார். ஏழு பொருளையும் ஏழு வாக்கியமாக வைத்திருந்தால், வினைகள் எல்லாம் சரியாக இருந்தாலும் பட்டியலாகத்தான் படிக்கும். திருத்திய பத்தியில் கதவைப் பற்றிய வரியை மட்டும் வாய்விட்டுப் படித்து, ‘அரித்திருந்தது’ என்பதற்கு முன்னால் ‘-ஐ’ உருபு இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். கடைசி நேரத்தில் அவசரமாகப் படியெடுக்கும்போது ‘அடிப்பகுதி கறையான் அரிந்திருந்தது’ என்று மாறிப்போவது அந்த வரிதான்.